நெல்லளவு நகர்ந்த முகம்

காவல் நிலையத்தில் ஆய்வாளர் அம்மா கேட்க, நான் சொல்ல, ஏட்டையா எழுதிக்கொண்ட வாக்குமூலம்.

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. வயது ஐம்பத்து மூன்று. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள சந்தில், தையல்கடை மாடியில், என் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். பிள்ளைகள் இல்லை. கிடங்குத் தெருவில் உள்ள அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன். அங்கே எல்லோரும் என்னை மெஷின் மாமா என்று கூப்பிடுவார்கள். இதற்கு முன் எந்த வழக்கிலும் நான் சம்பந்தப்பட்டதில்லை. என் சைக்கிள் திருட்டுப் போனபோது ஒரு தடவை இந்த நிலையத்துக்கு வந்திருக்கிறேன். சைக்கிள் கிடைக்கவில்லை.

காணாமற்போன ஒரு பெண்ணைத் தேடி அடிக்கப்பட்ட போஸ்டர் சம்பந்தமாக எங்கள் முதலாளியை நிலையத்துக்கு வரச் சொல்லியிருப்பதாக அறிந்தேன். போஸ்டரில் முகம் மாறிப்போனதற்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதால் அவர் பின்னாலேயே நானும் வந்தேன். என்னை யாரும் கூப்பிடவோ மிரட்டவோ இல்லை.

ஆய்வாளர் அம்மா முதலில் தொழிலைப் பற்றிச் சொல்லச் சொன்னார். எங்களுடையது ஒரு தடவைக்கு ஒரே நிறம் அடிக்கிற மெஷின். பெரிய அச்சகங்களில் தாள் ஒரு பக்கம் வெள்ளையாக நுழைந்து மறுபக்கம் முழுப் படமாக வந்து விழும். எங்களிடம் ஒரு நிறத்தை அடித்து, தாளைக் காயவிட்டு, மெஷினைக் கழுவி, வேறு பிளேட் மாட்டி, அதே தாள்களை மறுபடி உள்ளே விட வேண்டும். மஞ்சள், மெஜந்தா என்கிற சிவப்பு, சயான் என்கிற நீலம், கறுப்பு என்று ஒரே தாள் நாலு முறை போய் வரும். பிளேட் என்பது மெல்லிய அலுமினியத் தகடு. படம் உள்ள இடத்தில் மை ஒட்டும், இல்லாத இடத்தில் தண்ணீர் ஒட்டி மையைத் தள்ளிவிடும். ஆனால் பிளேட் தாளைத் தொடுவதே இல்லை. மை முதலில் பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்பில் இறங்கி, அதிலிருந்துதான் தாளுக்குப் போகும். நிறங்கள் சின்னச் சின்னப் புள்ளிகளாக விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி தெரியும், முகம் தெரியாது. லென்ஸை எடுத்தால் முகம் தெரியும், புள்ளி தெரியாது.

நாலு நிறமும் ஒன்றின் மேல் ஒன்று அச்சுப் பிசகாமல் உட்கார வேண்டும். அதை ரிஜிஸ்டர் என்போம். இதைச் சொன்னபோது ஏட்டையா எழுதுவதை நிறுத்தி, "அந்த ரிஜிஸ்டர் இப்ப யார்கிட்ட இருக்கு? ஏன் கொண்டு வரலை?" என்று கேட்டார். அது நோட்டு இல்லை, நிறங்கள் பொருந்தி நிற்கிற நிலை என்றேன். பத்திரிகையில் சில சமயம் நடிகையின் உதட்டுச் சாயம் உதட்டுக்கு வெளியே நிற்கும் அல்லவா, அதுதான் ரிஜிஸ்டர் விலகிய நிலை என்றேன். "அது மேக்கப் சரியில்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுதினார்.

எங்கள் பைண்டிங் பகுதியில் முப்பது வயதுக்குள் உள்ள ஒரு பெண் வேலை பார்க்கிறாள். போன மழைக்காலத்துக்கு முந்திய மழைக்காலத்தில் நனைந்துகொண்டே வந்து வேலை கேட்டாள். அவள் நடந்தால் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். அதனால் பூனை என்று பேர் விழுந்துவிட்டது. போனை எடுத்தால் அவளே "பூனை பேசறேன்" என்பாள். புத்தகத்துக்காக அடிக்கும் பெரிய தாளில் பதினாறு பக்கங்கள் நேரும் தலைகீழுமாக, முன்னும் பின்னுமாகக் கிடக்கும். மடித்தால்தான் பக்கங்கள் வரிசைக்கு வரும். புதிதாக வருகிறவர்களுக்கு இது தலையைச் சுற்றும். அவள் ஒரு தாளை வாங்கி மடித்து, விரித்து, மறுபடி மடித்துவிட்டு, "கனவு மாதிரி இருக்கு மாமா. விரிச்சா ஒண்ணும் புரியலை, மடிச்சா கதை வருது" என்றாள். அன்றே வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

அவளுக்குத் தங்க இடமில்லை என்பதால் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருந்த அறையை ஒழித்துக் கொடுத்தோம். வந்த புதிதில் அவள் கை நடுங்கும். என் மனைவி அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி கூட்டிப் போய் வந்தாள். பெண்கள் விஷயம் என்று நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நடுக்கம் நின்றது. அதன் பிறகு அவள் முடியைக் கழுத்துவரை வெட்டிக்கொண்டாள்.

இப்படியிருக்க, சில வாரங்களுக்கு முன் ஒருவர் போஸ்டர் அடிக்க வந்தார். மழை இல்லாத நாளில் கையில் குடை வைத்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் சின்னப் பை. அவர் வெளியூர்க்காரர். தங்கையைக் காணவில்லை, ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டித் தேடிக்கொண்டு வருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னார். பின்னணியில் வெளிர்நீலம் தாளின் ஓரம் வரை வர வேண்டும், வெள்ளை விளிம்பு கூடாது என்றார். அதற்குத் தாளை வெட்டுகிற கோட்டுக்கு வெளியேயும் நிறத்தைக் கொஞ்சம் ஓடவிடுவோம். அதன் பேர் பிளீட். "ரத்தக் காயம் ஏதாவது உண்டா?" என்று ஆய்வாளர் அம்மா இந்த இடத்தில் கேட்டார். இல்லை.

எங்கள் கம்ப்யூட்டர் பெண் படத்தைப் போட்டு ஒரே ஒரு ப்ரூஃப், அதாவது மாதிரித் தாள், எடுத்துக் காட்டியபோது குடைக்காரர் அதைக் கையில் வாங்காமல், மேசையில் இருந்தபடியே குனிந்து பார்த்து, நெற்றியின் மேல் ஒரு விரலை வைத்துவிட்டு எடுத்தார். அதன் பிறகு அந்த ப்ரூஃபை மடிக்காமல் சுருட்டித் தன்னோடு கொண்டுபோய்விட்டார். வழக்கமாக ப்ரூஃபைப் பக்கத்தில் வைத்துத்தான் மெஷினில் நிறத்தைச் சேர்ப்பேன். "அவர்கிட்ட எப்படிப்பா பிடுங்கறது? முகம்தானே, நீயே பாத்துப் போடு" என்றார் முதலாளி. அதனால் யாருடைய முகம் என்று தெரியாமலே நான் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் மஞ்சள் அடித்தேன். மஞ்சளில் ஒரு முகம் இருப்பதே தெரியாது. வெயிலைப் பார்த்துக் கண்ணை மூடினால் இமைக்குள் ஏதோ தெரியுமே, அந்த அளவுதான். மறுநாள் மெஜந்தா. கன்னமும் உதடும் வந்தன. காய்ச்சலில் படுத்திருக்கிற யாரோ போல இருந்தது. அதற்கு மறுநாள் சயான். அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மெஷின் மேலிருந்து மாவு போல ஒரு தூளைத் தூவும். மத்தியான வெயில் மேல் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது அந்தத் தூள் கீழே இறங்காமல் மிதந்துகொண்டிருக்கும். அதற்குள் நின்று பார்த்தபோது, தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு பெண் மேலே பார்ப்பது போலத் தெரிந்தது. எங்கோ பார்த்த முகம் என்று தோன்றியது. யார் என்று பிடிபடவில்லை. மெஷினை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அன்று வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடம், "ஒரு போஸ்டர் ஓடுது. யாரோ தெரிஞ்ச பொண்ணு மாதிரியே இருக்கு. வாய் வரைக்கும் வருது, பேர் வரலை" என்றேன்.

"என்ன போஸ்டர்?" என்றாள்.

"காணவில்லை."

என் மனைவி தூக்கிய தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள். பிறகு தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் கறுப்பு. முடி, புருவம், கண் இமைக் கோடு எல்லாம் கறுப்பில்தான் முழுசாக வரும். எழுத்தும் கறுப்புதான். மெஷினை ஓட்டி, மூலையில் உள்ள கூட்டல் குறிகள் நாலு நிறத்திலும் ஒன்றாகச் சேரும்வரை திருகைத் திருப்பி, சேர்ந்த பிறகு தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். தாளிலிருந்து பூனை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீளமான முடி, ஊதிய கன்னம், கண் திறந்திருந்தும் பார்வை எங்கும் போய்ச் சேரவில்லை. தினமும் அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற கம்ப்யூட்டர் பெண்ணுக்கே அடையாளம் தெரியாத முகம் அது. நான் அதோடு நாலு நாள் இருந்ததால் தெரிந்தது. இடது காதின் மேல் ஓரம் மடிந்திருந்தது. அவளுக்கும் அப்படித்தான்.

கீழே இருந்த வாசகத்தைப் படித்தேன். "மனநலம் சரியில்லாதவர். தானாக எதுவும் செய்யத் தெரியாதவர்" என்று இருந்தது. கதவு வழியாகப் பார்த்தால் பைண்டிங் பகுதி தெரியும். அவள் மடித்த பதினாறு பக்கத் தாள்களைத் தட்டி அடுக்கிவிட்டு, பக்கத்து மேசைக்காரி செய்த தப்பைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நான் மெஷினை நிறுத்திவிட்டு, அந்தத் தாளைச் சுருட்டிக்கொண்டு போய், அவளை மட்டும் தாள்கட்டுகள் அடுக்கியிருக்கும் பின்னறைக்குக் கூப்பிட்டு விரித்துக் காட்டினேன்.

"இது யாருன்னு தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது. தூங்கறா" என்றாள்.

"கண்ணு திறந்திருக்கே?"

"அப்பல்லாம் அப்படித்தான் மாமா தூங்குவேன்."

அதன் பிறகு அவள் சொன்னது என்னவென்றால், அவளுடைய அம்மா இறந்தபோது அவள் தூங்காமல் அழுதுகொண்டே இருந்ததால் அந்த ஊர் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், அழுகை நின்றது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதியாயிற்று, அந்த டாக்டர் வேறு ஊருக்குப் போன பிறகும் யாரையும் கேட்காமல் அண்ணன் அதே மாத்திரையை வாங்கி வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், வருஷங்கள் போயின, அவளுக்கு எப்போதும் ஒரே மத்தியானம் நீண்டுகொண்டே போவது போலத்தான் இருந்தது.

"ஒரு நாள் மாத்திரை குடுக்க மறந்துட்டாங்க. ஜன்னல்ல ஒரு பஸ் போச்சு. அது எங்க போகுதுன்னு பாக்கணும்னு தோணுச்சு. ரொம்ப நாளா எனக்கு எதுவுமே தோணினதில்லை மாமா" என்றாள்.

"அண்ணன் அடிப்பாரா?" என்று கேட்டேன்.

"ஐயோ, இல்லை. ரொம்ப நல்லவர். சோறு ஊட்டி விடுவார்."

"அப்புறம் என்னம்மா?"

"அதான் மாமா. ஊட்டித்தான் விடுவார்."

நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடலாமே என்றேன். "அவர் அழுவார். அழுதா நான் கூடப் போயிடுவேன். போனா தூங்கிடுவேன்" என்றாள். போஸ்டர் ஒட்டுவதற்குள் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுகிறேன் என்றும் சொன்னாள். அப்படிச் சொல்லும்போது பக்கத்தில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மடித்தாள். ஓரத்தோடு ஓரம் சேராமல் மடிப்பு கோணிப்போனது. அவள் கையில் கோணல் மடிப்பை அன்றுதான் பார்த்தேன்.

"நீ எங்கயும் போக வேணாம். போய்க் கையில இருக்கறதை முடி" என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு வந்தேன்.

நான் செய்தது பின்வருமாறு. கறுப்பு பிளேட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தி, பிளேட்டை ஒரு நெல் அளவு கீழேயும் பக்கவாட்டிலும் நகர்த்தி மறுபடி முடுக்கினேன். முகத்துக்கு நேரே உள்ள மைத் திருகைத் திறந்து கறுப்பைக் கூட்டினேன். மை கூடினால் புள்ளிகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டி நிழல் அடைத்துப்போகும். எழுத்து கறுப்பு ஒன்றில் மட்டும் இருப்பதால் பிளேட்டை நகர்த்தினாலும் எழுத்துக்கு எதுவும் ஆகாது. முகம் நாலு நிறத்தில் இருப்பதால் அது மட்டும் மாறும். கண்ணின் கோடு கன்னத்தில் விழுந்தது. உதட்டின் கோடு உதட்டுக்குக் கீழே இறங்கியது. கன்னம் ஒட்டிப்போனது. அந்தத் தாளில் யாரோ ஒரு நடுவயதுப் பெண், கூப்பிட்ட குரலுக்குப் பதில் வருமா என்று காத்திருப்பவள் போல, வந்து உட்கார்ந்தாள். முதலில் சரியாக வந்த தாள்களைக் கிழித்து வேஸ்ட் கூடையில் போட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் அப்படியே ஓட்டினேன். இதை நான் தெரிந்தே செய்தேன்.

முதலாளி பார்த்தார். ஆனால் முன்பு ஒரு திருமண அழைப்பிதழில் போன் நம்பர் தப்பாகி இரண்டு வீட்டாரிடமும் திட்டு வாங்கியதிலிருந்து அவர் எண்களை மட்டும்தான் பார்ப்பார். விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, "பேஷ், கட்டிப் போடு" என்றார். குடைக்காரர் வேறு ஊரில் இருந்ததால் ஒட்டுகிற ஆட்களே வந்து கட்டுகளை எடுத்துப் போனார்கள்.

அன்று வீட்டில் என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். "உனக்கு இவ கதை முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேட்டாத்தானே?" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாமல் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியதையும், இவளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை என்று சொன்னதையும் அப்போதுதான் அறிந்தேன்.

அதன் பிறகு போஸ்டர் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. நான் வேலைக்குப் போகும் வழியில் மேம்பாலத் தூணில், மூடிய கடைகளின் கதவில், ஆஸ்பத்திரிச் சுவரில், எங்கே திரும்பினாலும் அந்தப் பெண் இருந்தாள். பூனை அவளுக்கு முன்னால் நடந்து போவாள், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் என் மனைவி சந்து முனையில் நின்று, "யாருங்க இவ, பாவம், இப்படிப் பாக்கறா?" என்றாள்.

"யாருமில்லை" என்றேன்.

"யாருமில்லாதவளையா ஊரெல்லாம் தேடுது?"

மழை பெய்த அன்று போஸ்டர்கள் ஊறித் தொங்கின. எங்கள் சந்து முனையில் இருந்ததன் ஒரு மூலை பெயர்ந்து முகத்தின் மேல் மடிந்திருந்தது. நான் அதை நிமிர்த்திச் சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். தெரியவில்லை.

நேற்று மத்தியானம் மின்சாரம் இல்லாததால் மெஷின் நின்றிருந்தது. தூள் அடங்கி, பைண்டிங் பகுதியில் தாள் திரும்புகிற சத்தம்கூடக் கேட்டது. அப்போது குடைக்காரர் கையில் ஒரு போஸ்டரோடு உள்ளே வந்தார். அவர் சட்டை கசங்கியிருந்தது. முதலாளி சாப்பிடப் போயிருந்தார். குடைக்காரர் என் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தாள்கட்டின் மேல் உட்கார்ந்து, போஸ்டரை மடியில் விரித்தார்.

"தினமும் போன் வருதுங்க. பஸ் ஸ்டாண்டுல இருக்கான்னாங்க, ஓடினேன். பாலத்துக்கு அடியில படுத்திருக்கான்னாங்க, போனேன். ஆஸ்பத்திரியில பேர் தெரியாம ஒருத்தி இருக்கான்னாங்க, அங்கயும் போய் நின்னேன். எல்லாரும் அச்சு அசலா இந்த முகம் மாதிரியே இருக்காங்க. என் தங்கச்சி மாதிரிதான் யாரும் இல்லை" என்றார்.

நான் துணியை எடுத்து, நின்றிருந்த மெஷினைத் துடைத்தேன்.

"மெஷின்ல தப்பா, இல்லை அவ முகமே எனக்கு மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

மெஷினில்தான் தப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பூனை ஒரு டம்ளரில் தண்ணீரோடு அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் வந்த சத்தம் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, டம்ளரை வாங்கி, முழுவதையும் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அவள் நகரவில்லை. இன்னும் வேண்டுமா என்று கேட்டாள். "போதும்மா" என்று சொல்லி மறுபடி போஸ்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

"அண்ணா" என்றாள்.

அவர் எழுந்தார். குடை கீழே விழுந்தது. அவளைப் பார்த்தார், போஸ்டரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"என்னடி, முடியை வெட்டிட்டியா?" என்றார்.

அதன் பிறகு இருவரும் அழுதார்கள். அவர் வா, வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் மாட்டேன் என்றாள். அவர் கையைப் பிடித்தார். அவள் மறு கையால் வெட்டும் மெஷினின் மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் இழுக்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை. அப்படியே இருவரும் நின்றார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பி, "இவளை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? நீங்கதான் மறைச்சு வெச்சிருக்கீங்க, நீங்கதான் முகத்தையும் மாத்தியிருக்கீங்க" என்று சத்தம் போட்டார். சாப்பிட்ட கையோடு ஓடிவந்த முதலாளி, "யாரை மறைச்சாங்க? நம்ம பூனையையா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார். அதன் பிறகு குடைக்காரர் நேராக நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை முதலாளி, நான், என் மனைவி, பூனை ஆகிய எல்லோரும் நிலையத்துக்கு வந்தோம். குடைக்காரர் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பூனை தனியாக ஆய்வாளர் அம்மாவிடம் தன் வாக்குமூலத்தைக் கொடுத்தாள். ஆய்வாளர் அம்மா பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவோடு போனில் பேசினார். பிறகு குடைக்காரரைப் பார்த்து, அவள் வயது வந்தவள், தெளிவாக இருக்கிறாள், எங்கே இருப்பது என்பது அவள் இஷ்டம் என்றார்.

அப்போது நான் எழுந்து, பிளேட்டை நகர்த்தியது நான்தான், முதலாளிக்குத் தெரியாது என்றேன். முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார். "உன்னை வேலையை விட்டு அனுப்பினா அந்த மெஷினை யார் ஓட்டுவா? அனுப்பலைன்னா என் மானத்தை யார் காப்பாத்துவா?" என்று கேட்டார். கடைசியில், அடுத்த மழைக்காலம் வரை அச்சு மெஷினைத் தொடக் கூடாது, வெட்டும் மெஷினில்தான் நிற்க வேண்டும் என்று ஆய்வாளர் அம்மா முன்னிலையிலேயே உத்தரவு போட்டார். நான் ஒப்புக்கொண்டேன்.

குடைக்காரர் என்னிடம், "தெரிஞ்சேவா பண்ணீங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சேதான்."

"பேர் தெரியாதவங்க படுத்திருக்கற கட்டில் கட்டிலா நின்னு பாத்தேங்க."

"அதுக்கு உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். முகத்தை மாத்தினதுக்கு இல்லை" என்றேன்.

அவர் பையைத் திறந்து, தங்கைக்காக ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்த மாத்திரை அட்டைகளை எடுத்து ஆய்வாளர் அம்மாவின் மேசையில் வைத்தார். "அவ அழாம இருந்தா நல்லா இருக்கான்னு நினைச்சோம்மா" என்றார். மறைத்து வைத்ததாகக் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். போஸ்டர் விஷயத்தில் என்ன செய்வது என்பதைச் சட்டப்படி ஆய்வாளர் அம்மாவே முடிவு செய்யட்டும் என்றார். நானும் அதற்குக் கட்டுப்படுகிறேன்.

வெளியே போகும்போது அவர் வாசலில் நின்று, பூனையிடம், "நான் வந்தா பாப்பியா?" என்று கேட்டார்.

"வா அண்ணா. ஞாயித்துக்கிழமை வா" என்றாள். அவர் படி இறங்கத் தொடங்கிய பிறகு மறுபடி கூப்பிட்டாள். "கதவைத் தட்டு. தட்டிட்டு, நான் திறக்கற வரைக்கும் வெளிய நில்லு."

அவர் சரி என்று தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "சரிம்மா" என்று வாயாலும் சொன்னார்.

நடந்தது இவ்வளவுதான், நடந்தபடியே சொல்லியிருக்கிறேன். ஏட்டையா முழுவதையும் படித்துக் காட்டினார். கூட்டவும் குறைக்கவும் இல்லாமல் சரியாக இருப்பதால் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
மெஷின் ஓட்டுபவர்